பிரிஸில்லா விற்ற குரல்

பிரிஸில்லாவை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவள் பேச்சைக் கேட்டு நீங்கள் எங்காவது இடப்புறம் திரும்பியிருக்கலாம். போனில் தமிழில் வழி சொல்லும் ஒரு வெளிநாட்டு ஆப் இருந்ததே, அதில் பேசியது அவள்தான். 'இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்' என்று நிதானமாக, கோபதாபம் எதுவும் இல்லாமல் சொல்லும் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி, பெங்களூரில் எங்கள் விவேக் நகரில் கோவில் மணி கேட்கும் தூரத்தில், இரண்டாவது மாடியில் குடியிருக்கிறாள். அடுத்த வீட்டுக்காரி நான். பெயர் குளோரியா. கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். என் வாயைப் பற்றித் தெருவில் யாரும் நல்லபடியாகச் சொல்ல மாட்டார்கள்.

சொந்தக்காரி என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லில்தான் வில்லங்கமே இருக்கிறது.

அந்த வேலை அவளைத் தேடி வந்தது. ரெசிடென்சி ரோட்டில் ஓர் ஆபீஸில் அவள் அப்போது டெலிபோன் ஆபரேட்டர். போனில் அவளிடம் பேசிய யாரோ ஒருவர், இந்தக் குரலுக்கு நல்ல கிராக்கி இருக்கிறது என்று சொல்லி, இந்திரா நகரில் ஒரு ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னார். வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி அது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை வாக்கியம் வாக்கியமாக வாசிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. 'பூனை மேசையின் மேல் இல்லை.' 'நாளை மறுநாள் வங்கி திறக்காது.' 'உங்கள் மாமாவிடம் எத்தனை குடைகள் உள்ளன?' வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிக் காட்டுவாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

"சந்தோஷமும் வேணாமாம், துக்கமும் வேணாமாம் குளோரி. நடுவுல நின்னு பேசணுமாம். நடுவுல நின்னு யாருடி பேசுறா?" என்பாள்.

கையெழுத்துப் போடக் கொடுத்த ஒப்பந்தம் இங்கிலீஷில் தடியாக இருந்தது. அவள் கணவர் கிளெமென்ட் முதல் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, எல்லாம் வழக்கமாகப் போடுவதுதான் என்று சொல்லிவிட்டார். நான் மீதியையும் படித்தேன். பதிவாகிற குரல் என்றென்றைக்கும், எல்லா நாட்டிலும், இனிமேல் கண்டுபிடிக்கப் போகிற எல்லா இயந்திரத்திலும் அவர்களுக்கே சொந்தம். இதே குரலையோ, இதைப் போன்ற குரலையோ வேறு யாருடைய இயந்திரத்துக்கும் அவள் தரக் கூடாது. நான் அதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.

"என்னடி இப்ப? வாசிச்சது அவங்களுது. தொண்ட என்கிட்ட தானே இருக்கு" என்றாள்.

அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வாங்கினாள். அது இன்னும் ஓடுகிறது.

எங்கள் இருவருக்கும் இன்னோர் உறவும் உண்டு. கோவில் பாடகர் குழுவில் இருபது வருஷத்துக்கு மேல் அவள் நின்ற இடம் எனக்கு வலது பக்கம். எங்கள் மாஸ்டர் மதலைமுத்து சாருக்கு ஒரே ஒரு சட்டம்தான். யாருடைய குரலும் தனியாகக் கேட்கக் கூடாது. பயிற்சியின்போது காதைச் சாய்த்துக்கொண்டு வரிசைக்கு நடுவில் நடப்பார். ஒரு குரல் தூக்கலாகத் தெரிந்தால் போச்சு. "தனியா கேட்டா அது கொயர் இல்லம்மா, சிவாஜி நகர் மீன் மார்க்கெட்டு" என்பார். பிரிஸில்லாவும் நானும் அப்படிப் பழகியவர்கள். அவள் மூச்சு எடுக்கும் இடத்தில் நான் விடாமல் பிடித்துக்கொள்வேன், நான் எடுக்கும் இடத்தில் அவள். எது அவள் குரல், எது என் குரல் என்று எங்களுக்கே தெரியாது. அதுதான் எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு. கட்டி நல்லபடியாகவே போயிற்று, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டு வளர்ந்திருந்ததால் அந்த நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. முன்பே சொல்லித்தான் செய்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு அவள் வாயிலிருந்து வந்தது வெறும் காற்று. போகப் போக அதில் கொஞ்சம் கரகரப்பு சேர்ந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால் கேட்கும். அடுத்த அறைக்கு எட்டாது.

அதற்குப் பிறகு வந்த கிறிஸ்துமஸ் பூசையில் என் வலது பக்கம் புதிதாக ஒரு பெண் நின்றாள். நன்றாகத்தான் பாடினாள். எனக்குத்தான் பாட வரவில்லை. ஒரு பக்கச் சுவர் இல்லாத வீட்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில் அவளைத் தூக்கி நிறுத்தியது அதே வெளிநாட்டுக் கம்பெனிதான். இல்லையென்று நான் சொல்லக் கூடாது. அவர்களிடம் இன்னோர் ஆப் இருந்தது. நாம் போனில் எழுதுவதை அது வாசிக்கும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் வாசிப்பது பிரிஸில்லா. மகள் லீனாதான் கண்டுபிடித்துப் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மறுபடியும் பிரிஸில்லாவின் பேச்சு கேட்க ஆரம்பித்தது. சமையலறையில் நின்று போனில் தட்டுவாள். 'கிளெமென்ட், கதவைச் சாத்தவும். பூனை வருகிறது' என்று ஹாலில் கணீரென்று கேட்கும். திட்டும்போதுதான் வேடிக்கை. சந்தோஷமும் துக்கமும் இல்லாத அந்தக் குரலில், செய்தி வாசிக்கிற மாதிரி, 'உங்களுக்கு எத்தனை முறை சொல்வது' என்று வரும். அவள் தொண்டை திறந்து கத்தியபோதுகூட அந்த மனிதர் அவ்வளவு பயந்ததில்லை.

லீனாவுக்குப் புனேயில் வேலை. தினமும் சாயங்காலம் போன் செய்வாள். இந்தப் பக்கம் இவள் எழுதுவாள், அந்தப் பக்கம் அம்மாவின் பழைய குரல் கேட்கும். கல்யாணம் நிச்சயமானதும் லீனா கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்களில் கல்யாணப் பெண் கோவிலுக்குப் புறப்படும் முன் வீட்டில் முழங்கால் போடுவாள். தாயும் தகப்பனும் நெற்றியில் சிலுவை வரைந்து, வாய்விட்டு ஆசீர்வாதம் சொல்லி அனுப்ப வேண்டும். அந்த வார்த்தைகளைத் தாய்தான் தன் மனசிலிருந்து சொல்லுவாள்.

"மம்மி, அன்னிக்கு அந்தக் குரல்லயே சொல்லுங்க. சின்ன வயசுல எழுப்புவீங்களே, அந்தக் குரல்ல கேக்கணும்" என்றாள்.

பிரிஸில்லா அன்றைக்கே ஆசீர்வாதத்தை எழுத ஆரம்பித்துவிட்டாள். எழுதுவாள், போனில் ஓடவிட்டுக் கேட்பாள், ஒரு வார்த்தையை மாற்றுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. இயந்திரம் வாசிப்பதால் அழுகை வராது, அதுவே நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது கிளெமென்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். அவரை வில்லனாக்க எனக்கு இஷ்டமில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் டெலிபோன் செய்தவர். கருப்பு, சிவப்பு, பச்சை என்று இந்த நாடு முழுக்க வீடுகளில் மணியடித்த டெலிபோன்கள். பிறகு வெளிநாட்டுக் கைபேசிகள் வந்தன, அவருடைய பிரிவையே மூடினார்கள். அந்தக் காயம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. "போனும் அவனுது, உள்ள இருக்கற சாமானும் அவனுது, நாம பேசுற பேச்சும் அவன்கிட்ட போயி உக்காந்துக்குது. அப்புறம் அதையே நம்மகிட்ட வந்து விக்கறான் குளோரியா" என்பார். இதில் தப்பு என்ன இருக்கிறது? எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

அந்த வருஷம் ஒரு புது விதி வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. நம் மக்களின் குரலையும் முகத்தையும் வைத்துத் தொழில் செய்கிறவர்கள், அதற்கான கணினிகளை நம் நாட்டிலேயே வைக்க வேண்டும், இங்குள்ள சட்டத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று. கிளெமென்ட் பண்டிகை கொண்டாடினார். பிரிஸில்லா போனில் எழுதிக் கேட்டாள். 'அப்படியென்றால் என் குரல் எந்த நாட்டில் இருக்கிறது?' அவர் சிரித்தார். "திரும்பி வந்துடும், இரு" என்றார்.

வரவில்லை. அந்தக் கம்பெனி கூட்டிக் கழித்துப் பார்த்தது போலிருக்கிறது. தமிழுக்காக இங்கே ஒரு தனி ஏற்பாடு செய்வது கட்டுப்படியாகாது என்று முடிவு செய்து, தமிழ்க் குரலை இனிமேல் புதிதாக யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்துவிட்டது. ஏற்கெனவே போனில் வைத்திருப்பவர்களுக்கு இருக்கும் வரை இருக்கும். அறிவிப்பு இங்கிலீஷில், போனின் ஏதோ ஒரு மூலையில் வந்தது. எங்களில் யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து. எங்களுக்கு அன்று இரட்டைத் திருநாள், நாட்டுக்குச் சுதந்திரம், மாதாவுக்கு விண்ணேற்பு. பிரிஸில்லாவும் நானும் பூசைக்குப் போனோம். போனை வீட்டில் சார்ஜில் போட்டிருந்தாள். கிளெமென்ட் தெருமுனையில் கொடியேற்றிவிட்டு, சட்டையில் குத்திய கொடியோடும் கையில் லட்டோடும் வீட்டுக்குப் போய், நாட்டுக்காக ஒரு காரியம் செய்தார். வீட்டிலிருந்த எல்லா போனிலிருந்தும் வெளிநாட்டு ஆப்புகளை எடுத்துவிட்டு, இங்கேயே செய்த புதிய ஆப்புகளைப் போட்டார்.

நாங்கள் திரும்பி வந்தோம். பிரிஸில்லா போனை எடுத்துத் தட்டினாள். யாரோ ஒரு சின்னப் பெண், துடைத்து வைத்த மாதிரி சுத்தமான உச்சரிப்பில், "காபி போடட்டுமா?" என்றாள்.

கிளெமென்ட் சந்தோஷமாக நிமிர்ந்தார். "பாத்தியா? நம்ம பசங்க செஞ்சது. எவ்ளோ கிளியரா பேசுது பாரு."

பிரிஸில்லா மறுபடியும் தட்டினாள். அந்தப் பெண் அதே இனிமையோடு, "நான் எங்கே?" என்றாள்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "உன் குரல இதுல போட்டுக்கலாம்ல? போன மாத்தினா பேசுறவங்க குரலா மாறும்?" என்றார்.

ஆயுசு முழுக்க டெலிபோன் செய்த மனிதர். கருவி பழையதானால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவார்கள், மறுமுனையில் இருக்கிறவர் அப்படியே இருப்பார். அவருக்குத் தெரிந்த உலகம் அது. குரல் கருவிக்குள்ளேயே இருக்கும், கருவியோடு சேர்ந்து போய்விடும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பழைய ஆப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். தமிழ் என்ற வார்த்தையே அந்தப் பட்டியலில் இல்லை.

பிரிஸில்லா அவரைத் திட்டவில்லை. எதில் திட்டுவாள்? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்க் காபி போட்டு எங்கள் இருவருக்கும் கொடுத்தாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு வெகுநாள் யார் குரலும் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கிளெமென்ட் சும்மா இருக்கவில்லை. புதிய ஆப்பைச் செய்தவர்களுக்கே போன் போட்டு, நடந்ததைச் சொல்லி மன்றாடியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து அனுஷா என்று ஒரு பெண் வந்தாள். சேலத்துக்காரி. ஹெப்பகோடியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். நம் மொழிகளுக்கு நம்முடைய குரலையே செய்கிற வேலை அவளுக்கு. பிரிஸில்லாவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நான் பெங்களூர் வந்த புதுசுல எல்லா எடத்துக்கும் உங்க கூடத்தான் போனேன்."

பிரிஸில்லா அன்றுதான் பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அனுஷா ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். இந்தக் காலத்தில் ஒருவர் கொஞ்சம் பேசியது கிடைத்தாலே போதும், இயந்திரத்தில் அவர் குரலைச் செய்துவிடலாம் என்றாள். ஆனால் ஒப்பந்தம் குறுக்கே நின்றது. கையெழுத்துப் போட்ட பிறகு பிரிஸில்லா எங்கே என்ன பேசியிருந்தாலும் அதை வைத்து இன்னோர் இயந்திரக் குரல் செய்யக் கூடாது. அதற்கு முன்னால் பதிவானது மட்டும் அவளுடையது. "பழசு ஏதாவது இருந்தா குடுங்க மேடம். கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல" என்றாள்.

நாங்கள் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். பிரிஸில்லாவின் கல்யாண வீடியோவில் வீடியோக்காரன் ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருந்தான். 'ஆம்' என்று அவள் வாய் அசைவது தெரிகிறது, கேட்பது டூயட். லீனாவின் ஞானஸ்நானக் கேசட்டில் குழந்தை கத்துவதுதான் கேட்டது. நடுவில் ஒரு தடவை 'ஷ்ஷ்' என்று பிரிஸில்லா சொன்னாள். அந்த 'ஷ்ஷ்'ஷைக் கேட்டு மூன்று பேரும் உட்கார்ந்து அழுதோம்.

பிறகுதான் எனக்குக் கொயர் பதிவுகள் ஞாபகம் வந்தன. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டர் பாஸ்காவுக்கும் மதலைமுத்து சார் பதிவு செய்து, தேதி எழுதி அடுக்கி வைத்திருந்தார். ஒப்பந்தத்துக்கு முந்திய வருஷங்களே ஏராளம். பை நிறையக் கொடுத்தார். அனுஷா வாங்கிப் போனபோது, காரியம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். லீனாவுக்குப் போன் செய்து சொல்லியும்விட்டேன்.

சில வாரம் கழித்து அனுஷா வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"ஆர்கன பிரிச்சேன் மேடம். ஆம்பளைங்க குரலெல்லாம் பிரிச்சேன். மத்த லேடீஸையும் பிரிச்சிட்டேன்" என்றாள். என்னையும் பிரிஸில்லாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் மட்டும் பிரிய மாட்டேங்கறீங்க. எந்த எடத்துல வெட்டினாலும் ரெண்டு பேரும் இருக்கீங்க."

இருபது வருஷ உழைப்பு அது. மதலைமுத்து சார் கேட்டிருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். எங்களுக்குத் தெரிந்து, பிரிஸில்லா தனியாக, அவளாக, நாலு வார்த்தை பேசி வைத்த ஒரே இடம் அந்த இந்திரா நகர்க் கண்ணாடி அறைதான். அதையும் விற்றாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. வெளிநாட்டுக்காரனையா, புது விதியையா, இந்த ஊரில் இத்தனை கெட்டிக்காரர்கள் இருந்தும் நம் தொண்டையை வைத்து நாமே ஒன்று செய்துகொள்ள இத்தனை வருஷம் தாமதித்தோமே, அதையா? அனுஷா போகும்போது, என்னுடைய குரலையாவது அவர்கள் ஆப்புக்குப் பதிவு செய்து தர முடியுமா, இப்போது ஒப்பந்தம் வேறு மாதிரி, பெயரும் போடுவோம், வேண்டாமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டாள். கல்யாணம் முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

லீனா வேறு வழி சொன்னாள். அவளுடைய பழைய போனில், ஒப்பந்தத்துக்குப் பின், ஆபரேஷனுக்கு முன், அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் இருந்தன. தாய்மார் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜ்தான், வெங்காயம் வாங்கிட்டு வா, குடை எடுத்துட்டுப் போ. அதைக் கொடுத்தால் அவள் ஃபிரெண்ட் ஒருவன் நிமிஷத்தில் குரலைச் செய்துவிடுவானாம். ஒரு நாள் கூத்து, யாருக்குத் தெரியப் போகிறது என்றாள்.

பிரிஸில்லா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கரகரப்பில் சொன்னாள். "சைன் போட்டது நான்தான் லீனா. என் குரல நானே திருடி, அதுல உன்ன ஆசீர்வதிக்கறதா?"

நானாக இருந்தால் திருடியிருப்பேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

ஜனவரியில் கல்யாணம். மழையில்லாத குளிர். வீடு நிறைய ஜனம். லீனா வெள்ளைக் கவுனோடு முழங்கால் போட்டாள். பிரிஸில்லா நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வாதத்தைச் சொன்னாள், எழுதி எழுதித் திருத்திய அதே வார்த்தைகளை. பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. வீடியோக்காரன் "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றான். அவனை நான் பார்த்த பார்வையில் அவன் காமிராவை இறக்கிவிட்டான். லீனா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. எழுந்தபோது கண் மையெல்லாம் கலைந்திருந்தது.

கீழே வந்தால் அலங்கரித்த காரைக் காணோம். ஓர் ஆட்டோ நின்றது, முன்னால் செவ்வந்திச் சரம் கட்டி. கிளெமென்ட் அதன் பக்கத்தில் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். சொந்தக்காரர்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஆகஸ்டிலிருந்து இந்த மனிதர் தினமும் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் மதியம்தான் வருவார். எங்கே என்றால் சொல்ல மாட்டார். கடைசியில் இதற்குத்தானா என்று கேட்டேன்.

"ஏறு குளோரியா, தெரியும்" என்றார். "இவரு எத்திராஜ். ஒக்கலிபுரத்துக்காரரு."

எத்திராஜுக்கு எங்கள் வயசு இருக்கும். கைப்பிடிக்கு மேலே ரப்பர் பேண்டு போட்டு ஒரு பழைய போனைக் கட்டியிருந்தார். கண்ணாடி முழுக்க விரிசல். பின்சீட்டில் நடுவில் லீனா, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பிரிஸில்லா. எங்கள் மடியிலெல்லாம் கவுன் வழிந்தது. எத்திராஜ் போனை ஒரு தட்டுத் தட்டினார்.

"நேராகச் செல்லவும்" என்றது பிரிஸில்லாவின் குரல்.

பிரிஸில்லாவின் கை கவுனுக்கு மேலே வந்து என் கையைத் தேடியது.

"மெமரி ஃபுல்லும்மா. இந்த வழி சொல்றது மட்டுந்தான் இருக்கு. அப்டேட்டே ஆவாது" என்றார் எத்திராஜ், கண்ணாடியில் பார்த்துக்கொண்டு. "சார் அன்னிக்கு ஸ்டாண்டுல வந்து ஒவ்வொருத்தரா கேட்டினு வந்தாரு, உன் போனு தமிழ்ல பேசுதா, பேசுதான்னு. பேஜாரா பூட்ச்சி எல்லாருக்கும். அப்புறந்தான் என்னுத கேட்டாரு. கேட்டுட்டு அங்கியே ஃபுட்பாத்துல உக்காந்துட்டாரு."

"வழி தெரியாதா உங்களுக்கு?" என்று நான் கேட்டேன். எதையாவது பேச வேண்டியிருந்தது.

"தெரியாம இன்னா? பொறந்ததே இந்த ஊர்ல. சும்னே பேச்சுத் துணைக்கு வெச்சினு இருக்கேன்." பிரிஸில்லா பக்கம் லேசாகத் திரும்பினார். "கோச்சுக்காதீங்கம்மா. இத்தினி வருசமா நீங்க ஒரு வழி சொல்லுவீங்க, நான் வேற வழில பூடுவேன். ஒரு தபா கூட நீங்க கோச்சுக்கல."

பிரிஸில்லா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு இப்போது இரண்டுக்கும் ஒரே சத்தம்தான்.

"நூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்றது குரல். கோழிக்கடையையும் மெழுகுவர்த்திக் கடைகளையும் தாண்டினோம். தெரிந்த முகங்கள் கையாட்டின. லீனா யாரையும் பார்க்கவில்லை. அந்த விரிசல் விழுந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் அவளை எழுப்பிய குரல், ஸ்கூல் பஸ்ஸுக்கு விரட்டிய குரல், இப்போது அவளைக் கோவிலுக்கு அழைத்துப் போயிற்று. அதில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. இருந்ததெல்லாம் எங்களிடம்தான் இருந்தது. நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் இந்தத் தெரு தும்கூர் வரைக்கும் நீளக் கூடாதா என்று இருந்தது.

"நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றது.

வந்துவிட்டதுதான். கோவில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள். பீடச் சிறுவர்கள் சிலுவையைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். உள்ளே ஆர்கன் ஆரம்பித்துவிட்டது, நான் நின்றிருக்க வேண்டிய வரிசையில் நான் இல்லாமலேயே. ஸ்கூட்டரில் எங்களுக்கு முன்பே வந்துவிட்ட கிளெமென்ட், மகளை இறக்க ஆட்டோவுக்குள் கை நீட்டினார்.

லீனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இறங்கவில்லை.

"டாடி, ஒரு அஞ்சு நிமிஷம்" என்றாள். பிறகு முன்னால் குனிந்தாள். "அங்கிள், இன்னொரு ரவுண்டு போலாமா?"

எத்திராஜ் கண்ணாடியில் பிரிஸில்லாவைப் பார்த்தார். அவள் ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, நான் எடுத்துச் சொன்னேன். "போப்பாங்கறா."

கிளெமென்ட் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். எத்திராஜ் போனில் மறுபடியும் எதையோ தட்டினார், வண்டியைக் கிளப்பினார். குரல் முதலிலிருந்து ஆரம்பித்தது. இந்தத் தடவை எத்திராஜ் வாய் திறக்கவில்லை. அவருக்குத் தெரிந்த குறுக்குச் சந்துகளையெல்லாம் விட்டுவிட்டு, அவள் சொன்ன இடத்தில் மட்டும் திரும்பி, அவள் சொன்னபடியே போனார்.